ஆல்டர்னேட்டரை மாற்றுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டியவை

காரின் பேட்டரி அடிக்கடி இறங்குகிறது என்றவுடன், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரித்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால், பழுது பேட்டரியிலா, ஆல்டர்னேட்டரிலா, இரண்டையும் இணைக்கும் கேபிளிலா என்பதை எதையும் கழற்றாமலேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

சில மணி நேரம் ஓய்வில் இருந்த, முழு சார்ஜ் உள்ள பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே மீட்டர் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதியளவே எஞ்சியிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது அதே முனைகளில் பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.7 வரை வர வேண்டும். 15-ஐத் தாண்டினால், ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சந்தேகிக்கலாம். கணினி சார்ஜைக் கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இந்த அளவு கூடிக் குறைவது இயல்பு என்பதால், தயாரிப்பாளரின் கையேட்டையே நம்ப வேண்டும்.

அளவு குறைந்திருந்தால் பலரும் அத்துடன் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் நான் மிகவும் மதிக்கும் சோதனை இதற்குப் பிறகுதான் வருகிறது. ஹெட்லைட்டையும் ப்ளோவரையும் போட்டு, எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு போல்ட்டிலும் மறுமுனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் வைக்க வேண்டும். 0.2 வோல்ட் அளவுக்குள் இருந்தால் கேபிள் நலம். அரை வோல்ட்டைத் தாண்டினால், அரித்துப்போன டெர்மினலோ தளர்ந்த நட்டோ வழியில் இருக்கிறது. ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையிலும் இவ்வாறே அளந்தால் எர்த் இணைப்பின் நிலை தெரியும். ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். 0.01 ஓம் தடையை சாதாரண மீட்டரால் துல்லியமாகக் காட்ட இயலாது. ஆனால் அதன் வழியே 60 ஆம்பியர் பாயும்போது 0.6 வோல்ட் வீணாகிவிடும். ஆகவே மின்னோட்டம் பாயும்போது அளப்பதே உண்மையைச் சொல்லும்.

ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி கேபிளைக் கழற்றும் பழைய முறையைத் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். அப்போது திடீரென எழும் மின்னழுத்தம் காரின் மின்னணுப் பாகங்களைப் பாழாக்கக்கூடும்.

இறுதியாக மீட்டரை ஏசி வோல்ட் அளவுக்கு மாற்றி, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டருக்குள் ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் டயோடு ஒன்று பழுதாகியிருக்க வாய்ப்புண்டு. கசியும் டயோடு, கார் நிற்கும்போதும் பேட்டரியை இரவெல்லாம் வடித்துக்கொண்டிருக்கும் என்பதால், புது பேட்டரி போட்டும் காலையில் ஸ்டார்ட் ஆகாத கார்களில் இந்தச் சோதனையை முதலிலேயே செய்துவிடுவது நல்லது.