கருவக்காட்டு ஞாயிறுகள்

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

இன்று வசந்த பஞ்சமி. நாள், நேரம் பார்க்காமலே கல்யாணம் வைக்கலாம் என்று வடக்கே நம்புகிற நாள். அதனால் டெல்லியில் நான் குடியிருக்கும் முனிர்காவில் தெருவுக்கு ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். ட்ரம்பெட், டோல் மேளம், டிஜே வண்டி எல்லாம் உண்டு. வாயைத் திறக்காமல் இருந்தது குதிரை மட்டும்தான். நடுவே தேர்தல் ஆட்டோக்கள் வேறு. 5-ஆம் தேதி வாக்குப்பதிவு. நாளை மாலையோடு பிரசாரத்தை நிறுத்தியாக வேண்டும் என்பதால் மிச்சமிருக்கும் தொண்டையை எல்லாம் இன்றே செலவழிக்கிறார்கள். மூன்றாம் மாடியில் ஜன்னலைச் சாத்திய பிறகும் கண்ணாடி அதிர்கிறது.

தலைவலி என்று சொன்னால் ஆபீஸில் எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொல்கிறார்கள்: மலைக்குப் போ. சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு கிடைத்தால் பாதி டெல்லி முசோரிக்கு ஏறிவிடுகிறது. அங்கே மால் ரோட்டில் டெல்லி நம்பர் பிளேட், டெல்லி ஹாரன், டெல்லி மோமோ. எட்டு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து போய் அதையே பார்க்க எனக்குத் தெம்பில்லை. டிடிசி என்கிற டெல்லி அரசு பஸ்ஸில் பெண்களுக்குக் காசு வாங்குவதில்லை, பிங்க் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சீட்டில் போய், மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்பக்கூடிய இடமாக ஒன்று அகப்பட வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வசந்த் விஹாரில் இருக்கிறது அராவலி பல்லுயிர்ப் பூங்கா. பெயரைக் கேட்டுவிட்டு என்னென்னவோ கற்பனை செய்துகொண்டு போனேன். உள்ளே காலெடுத்து வைத்ததும் எதிரே நின்றது நம்ம ஊர் சீமைக்கருவேலம்.

சிரிப்பு வந்துவிட்டது. கமுதிப் பக்கம் பிறந்தவளுக்கு இந்த மரத்தை அறிமுகப்படுத்தவா வேண்டும்? ஜோடி ஜோடியாக முள், வாடிய மாதிரி தொங்கும் பொடி இலை, தரையில் உதிர்ந்து கிடக்கும் மஞ்சள் நெற்று. மெக்சிகோ, தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த மரம் இது. புது டெல்லியைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், மொட்டையாகக் கிடந்த ரிட்ஜ் குன்றுகளைச் சீக்கிரம் பச்சையாக்க வெள்ளைக்காரர்கள் இதை நட்டார்கள். இங்கே பெயர் விலாயத்தி கீக்கர். ராமநாதபுரத்தில் கண்மாய்க்குள் புகுந்த மாதிரியே இங்கே அராவலி மலைத்தொடரின் பழைய மரங்களை ஒதுக்கித் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது. அதன் அடியில் வேறு செடி தலையெடுப்பது கஷ்டம்.

வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“ஏத்தா, டெல்லிக்குப் போயும் கருவக்காட்டுக்குள்ளதான் நடந்துக்கிட்டுத் திரியிறியா?”

“இங்க இதுதாம்மா காடு.”

“நல்ல காடு. செருப்பு போட்டுட்டுப் போனியா?”

பிப்ரவரி 17, திங்கள்

காலை 5.36-க்கு நிலநடுக்கம். ரிக்டரில் 4.0 என்றார்கள். டெல்லியில் கட்டில் ஆடுவது புதிதில்லை, ஆப்கானிஸ்தானத்தில் நடுங்கினால் இங்கே மின்விசிறி ஆடும். ஆனால் இன்று முதலில் வந்தது சத்தம். கட்டடத்துக்கு அடியில் லாரி போகிற மாதிரி ஓர் உறுமல், அதற்குப் பிறகுதான் ஆட்டம். மையம் தௌலா குவான் பக்கமாம். என் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். ஆழம் வெறும் 5 கிலோமீட்டர் என்பதால்தான் அந்த உறுமல்.

தெரு முழுக்கப் போர்வையோடு நின்றோம். எல்லார் கையிலும் போன். மேலே காக்கைகள் இருட்டிலேயே எழும்பிச் சுற்றிக்கொண்டிருந்தன. கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். மூன்று வருஷமாக இந்தக் கட்டடத்தில் இருக்கிறேன், அவர் பெயர் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

மார்ச் 2, ஞாயிறு

பூங்காவில் தமிழ்க்குரல். சிபிடபிள்யூடி என்கிற மத்தியப் பொதுப்பணித் துறையில் இருந்து ரிட்டயர் ஆனவர், கும்பகோணத்துக்காரர், ஆர்.கே.புரத்தில் நாற்பது வருஷம். கழுத்தில் பைனாகுலர். நான் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு அவரே வந்து பேச்சுக் கொடுத்தார்.

“ராமநாதபுரமாம்மா? அப்ப இந்தச் சனியன உங்களுக்கு நன்னாத் தெரியுமே.”

சாருக்குச் சீமைக்கருவேலத்தைக் கண்டால் ஆகாது. ஆனால் இந்த இடத்தின் கதையை அவரைப் போல யாரும் சொல்ல முடியாது. இது ஒரு காலத்தில் சுரங்கக் காடு. மொரம்பும் மணலும் மைக்காவும் தோண்டி எடுத்துவிட்டுக் குழிகளை அப்படியே விட்டுப்போன நிலம். டெல்லி வளர்ச்சி ஆணையமும் டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபுவின் குழுவும் சேர்ந்துதான் இதை மீட்டெடுத்தார்கள். கருவேலத்தை மொத்தமாக வெட்டித் தள்ளாமல், மேல்கிளைகளை மட்டும் கழித்து வெளிச்சத்தை உள்ளே விட்டு, அடியில் அராவலிக்குச் சொந்தமான மரங்களை வளர்த்தார்கள். அவை தலைதூக்கி நிழல் கொடுத்ததும் கருவேலம் தானாக நலிந்துவிடும் என்பது கணக்கு. பழைய சுரங்கக் குழி ஒன்றில் இப்போது பெரணிச் செடிகள். குழிக்குள் நாலு அடி இறங்கினாலே குளிர் ஏறுகிறது, மேலே வீசும் வெயில் அங்கே எட்டுவதில்லை.

குழிச் சுவரைக் கிட்டே போய்ப் பார்த்தேன். பழுப்புப் பாறையில் மைக்காத் துணுக்குகள், நம்ம ஊர்க் காக்காப்பொன். நகத்தால் நெம்பினால் தாள் தாளாகப் பிரிந்து விரலில் ஒட்டிக்கொள்கிறது. துடைத்தாலும் போகவில்லை; பஸ்ஸில் வரும்போதும் கைரேகைக்குள் மினுங்கிக்கொண்டு வந்தது.

சார் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன், சனியனுக்கு மட்டும் ஆட்டவில்லை. 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது ஊரில் கைதட்டியவர்களும் உண்டு, வயிற்றில் கைவைத்தவர்களும் உண்டு. எங்கள் வீடு இரண்டாவது ரகம். அப்பா கரிமூட்டம் போட்டவர். வெட்டி அடுக்கி, வைக்கோல் பரப்பி, மண் பூசி, நாள் கணக்கில் புகையவிட்டு, எங்கே ஓட்டை விழுகிறது என்று ராத்திரியெல்லாம் சுற்றிச் சுற்றி வருவார். தூர்க்கட்டைக் கரிக்கு விலை கூட. மழை பொய்த்த வருஷங்களில் எங்கள் பக்கம் விளைந்தது அது ஒன்றுதான். என் காலேஜ் பீஸ் எந்த மரத்திலிருந்து வந்தது என்று சாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பைனாகுலரைத் துடைத்தார்.

“கண்மாய அடைச்சது இல்லையா அப்பறம்?”

“அடைச்சுதான் சார். அதையும்தான் சொல்றேன்.”

மார்ச் 9, ஞாயிறு

இங்கே அமைதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விமானநிலையம் பக்கத்திலேயே. சக்கரம் இறக்கிய விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைக்கு மேலே வருகின்றன, வால் எழுத்தைப் படிக்கலாம். அது போன கையோடு மயில் அகவும். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று சருகைப் புரட்டிப் புரட்டிச் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். பச்சைக்கிளிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனாலும் எனக்கு இங்கே தலைவலி வருவதில்லை. ஏன் என்று இன்று ஒரு பாறைமேல் உட்கார்ந்து யோசித்தேன். ஊர்வல பேண்டு என்னை ஆடச் சொல்கிறது, தேர்தல் ஆட்டோ ஓட்டுக் கேட்கிறது, ஹாரன் ஒதுங்கச் சொல்கிறது, போன் பதில் கேட்கிறது. கீழ்வீட்டு குக்கர் விசில்கூட நீ இன்னும் சமைக்கவில்லையா என்கிறது. இந்தக் காட்டில் எந்தச் சத்தமும் எனக்காக வரவில்லை. விமானம்கூட வேறு யாரையோ சுமந்துகொண்டு போகிறது. நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தவிட்டுக்குருவி திட்டத்தான் போகிறது. டெசிபல் கணக்கெல்லாம் இதற்கு உதவாது.

திரும்பும் வழியில் பாதையோரம் நீல்காய் மானின் புழுக்கை ஒரே குவியலாகக் கிடந்தது. ஒரே இடத்தில்தான் வந்து போடுமாம். முனிர்காவில் சிலரை இங்கே பாடம் படிக்க அனுப்பலாம்.

மார்ச் 14, வெள்ளி

ஹோலி. கதவைத் திறக்கவில்லை. நேற்று செய்த புளியோதரை கைகொடுத்தது.

மார்ச் 23, ஞாயிறு

புரசு பூத்துவிட்டது. போன வாரம்வரை இலைகூட இல்லாமல் நின்ற கோணல் மரம். இப்போது கிளை நுனியெல்லாம் தீ. கீழே விழுந்த ஒரு பூவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். புல்லி கறுப்பு, கறுப்பு என்றால் எண்ணெய் போட்ட கறுப்பு இல்லை, வெல்வெட். தடவினால் விரலுக்கு இதமாக இருக்கிறது. அதற்குள்ளிருந்து ஆரஞ்சு இதழ் வளைந்து வருகிறது, மேலே மெல்லிய வெள்ளி மயிர். வாசனை துளிகூட இல்லை. மரத்தில் தேன்சிட்டும் மைனாவும் காக்கையும் தலையை நுழைத்துக் குடித்துக்கொண்டிருந்தன. ஒரு மைனாவின் நெற்றி முழுக்க மஞ்சள் மகரந்தம்.

இதைக் கொதிக்கவைத்து எடுத்த சாயத்தில்தான் முன்பெல்லாம் ஹோலி விளையாடினார்கள் என்றார் சார். “இப்போ கெமிக்கல். அதனால்தான் நீங்க கதவத் திறக்கல.” சரிதான்.

சார் இன்னொன்றையும் காட்டினார். மஞ்சள் பாரித்த வெளுத்த பட்டை, நீள வெள்ளை முள். இங்கே ரோஞ்ச், நமக்கு வெள்வேல். ஊரில் ஆடு அடையும் நிழல். அராவலியின் சொந்த மரம் என்று எதைக் கொண்டாடுகிறார்களோ அது எங்கள் கரிசல் வரப்பிலும் நிற்கிறது. டெல்லி வந்து இத்தனை நாளாகியும் என்னை ஒருவரும் உள்ளூர்க்காரி என்று சொன்னதில்லை. வெள்வேலுக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். ஆபீஸிலிருந்து நேரே மலை மந்திர் முருகன் கோயில். 1973-ல் குடமுழுக்கு கண்ட சுவாமிநாதன் நிற்பதும் இதே அராவலிப் பாறைமேல்தான். காவடி, பால்குடம், ‘அரோகரா’, மைக்கில் தமிழ். இந்தச் சத்தமெல்லாம் என்னைக் கூப்பிடுகிற சத்தம்தான். இருந்தும் தலை வலிக்கவில்லை. மார்ச் 9-ல் பெரிய தத்துவம் மாதிரி எழுதினேனே, அதில் முருகனுக்கு மட்டும் விதிவிலக்கு போட்டுக்கொள்கிறேன்.

சாயங்காலம் ஆந்தி என்கிற புழுதிப்புயல் வந்தது. மேற்கே வானம் செம்மண் நிறத்தில் எழுந்து, அஞ்சே நிமிஷத்தில் எதிரே இருந்த கட்டடங்கள் மறைந்தன. பல்லில் மண். புடவைத் தலைப்பால் பால்குடத்தை மூடிக்கொண்டு பெண்கள் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். பல விமானங்களை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டதாக ராத்திரி செய்தியில் சொன்னார்கள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

புழுதிக்காற்றில் பூங்காவில் பெரிய சீமைக்கருவேலம் ஒன்று பாதைக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. ஊழியர்கள் பாதையை மறைத்த கிளைகளை மட்டும் வெட்டி ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வெட்டுவாய் செம்பழுப்பு, சுற்றி ஒரு விரற்கடை மஞ்சள். அந்த வாசனை என்னை நேரே மூட்டத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தூர் மண்ணுக்குள்தானே இருக்கிறது சார், தழைக்கும் என்றேன். “தழைக்கட்டும், தழைக்கட்டும்” என்றார். குரலில் பழைய கோபம் இல்லை.

அம்மா மே மாதம் வருகிறாள், மதுரையிலிருந்து சம்பர்க் கிராந்தி ரயிலில் டிக்கெட் போட்டாயிற்று. விழுந்த மரத்தை போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

“நல்ல மரமாவுல்ல கெடக்கு. என்ன செய்வாக இத?”

“ஒண்ணும் செய்ய மாட்டாங்கம்மா. அப்படியே கெடந்து மக்கட்டும்னு விட்ருவாங்க.”

“மக்கவா? எம்புட்டுத் தண்டி இருக்கு தூரு?”

“ஒரு ஆள் கட்டிப் பிடிக்கலாம்.”

“அங்கன கரி கிலோ என்ன வெலக்கிப் போகுதுன்னு வெசாரிச்சு வையி. நான் வந்து பேசிக்கிறேன்.”

சாரிடம் சொன்னேன். அம்மா வந்ததும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்றார், வாட்ச்மேனிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கிறாராம்.