எட்ஜ் 540-உம் சிங்கப்பூரின் காற்றழுத்தமும்

நெடுநாள் ஒப்பீட்டுக்குப் பிறகு, வேகம், உயரம், பாதை ஆகியவற்றைப் பதியும் சைக்கிள் கணினியான கார்மின் எட்ஜ் 540-ஐ வாங்கிச் சைக்கிளின் கைப்பிடியில் பொருத்திவிட்டேன். நம் ஊர் ஓட்டத்துக்கு இது நல்ல தேர்வு என்று உறுதியாகச் சொல்வேன். நேர்வெயிலில் சூடேறிக் கைபேசித் திரை மங்கிவிடுவதால் அது முதலிலேயே கழிந்தது. வியர்வையிலும் மழையிலும் பொத்தான்களே கைகொடுக்கும் என்பதால், தொடுதிரைக்காகக் கூடுதல் விலை கொடுத்து அதே வரிசையின் எட்ஜ் 840-ஐ வாங்க மனம் வரவில்லை.

என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது உயரமானிதான். செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலேயே இருப்பதால் அவற்றைக் கொண்டு கணக்கிடும் உயரத்தில் பிழை அதிகம். ஆகவே மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைவதை வைத்து உயரத்தைக் கணிக்கும் காற்றழுத்த உயரமானி கட்டாயம் வேண்டும். ஆனால் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது: காலையிலும் இரவிலும் பத்து மணியளவில் உச்சம்; விடியற்காலையிலும் பிற்பகலிலும் நான்கு மணியளவில் தாழ்வு. இந்த வேறுபாடு மூன்று ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) அளவுக்கு இருக்கும். ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறத்தாழ எட்டரை மீட்டர் உயரத்துக்குச் சமம். அழுத்தம் கூடினால் கருவி அதை உயரம் குறைந்ததாக எடுத்துக்கொள்ளும். எனவே இருட்டோடு கிளம்பிப் பத்து மணிக்கு வீடு திரும்பினால், புறப்பட்ட அதே அடுக்குமாடி புளோக்கின் அடித்தளம் இருபது மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிட்டதாகக் கருவி காட்டும். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பாதையிலோ உயரம் கழித்தல் குறியோடு வந்து நிற்கும். தீவின் உச்சியான புக்கிட் தீமாவே 163 மீட்டர்தான் எனும்போது, இந்தப் பிழையைச் சிறிதென்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

தெரிந்த உயரத்தைக் கொடுத்து உயரமானியைச் சரிசெய்யும் வசதி இதில் இருப்பதால், புறப்படும் இடத்தின் உயரத்தைப் பதிந்துவிட்டுத்தான் மிதிக்கத் தொடங்குகிறேன். நீண்ட ஓட்டமென்றால் இடையில் தேநீருக்கு நிற்கும் இடத்திலும் ஒருமுறை சரிபார்க்கிறேன். ஃபேபர் மலை போன்ற குறுகிய ஏற்றத்தில் அழுத்தம் மாற நேரமில்லை என்பதால் அங்கே அளவு நம்பகமாக வருகிறது. மழைத்துளியோ வியர்வை உப்போ கருவி காற்றழுத்தத்தை உணரும் துளையை அடைத்தால் எண்கள் தாறுமாறாகும். ஓட்டம் முடிந்ததும் நன்னீரில் அலசி உலர விடுகிறேன், ஊசியால் குத்துவதே இல்லை.

ஷென்டன் வேயின் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே கருவி பதிந்த பாதைக்கோடு சாலையை விட்டு அதிகம் விலகவில்லை. செயற்கைக்கோள் சமிக்ஞையை 1575 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையோடு 1176 மெகாஹெர்ட்ஸிலும் சேர்த்து வாங்குவதன் பலன் அது; முந்தைய எட்ஜ் 530-இல் இந்த வசதி கிடையாது.

கைப்பிடித் தாங்கியை மட்டும் இணையத்தில் வாங்காமல், பழக்கமான கடையில் 31.8 மில்லிமீட்டர் கைப்பிடிக்கான அலுமினியத் தாங்கியைப் பொருத்திப் பார்த்தே வாங்கினேன். பிளாஸ்டிக் தாங்கிகள் சீக்கிரம் தளர்ந்துவிடுகின்றன என்பது என் கருத்து. அடுத்து, எம்ஆர்டி ரயில் மேம்பாலங்களின் அடியிலும் வேகம் ஒழுங்காகப் பதிவாகச் சக்கர அச்சில் வேக உணரி மாட்ட வேண்டும். அதற்கு முன் திரைப் பக்கங்களை அமைக்கும் வேலை பாக்கியிருக்கிறது. முதல் பக்கத்தில் வேகம், இதயத் துடிப்பு, சரிவு விழுக்காடு ஆகிய மூன்றை மட்டும் பெரிய எழுத்தில் வைக்கப்போகிறேன்.