தூக்கம் எப்படி வருகிறது என்றுதான் முதலில் கேட்பேன்

நான் தடயவியல் உளவியலாளர். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் தாங்களாக விரும்பி வருவதில்லை. நீதிமன்றம் அனுப்பும், வழக்கறிஞர் அனுப்புவார், சில நேரம் வேலை பார்க்கும் நிறுவனமே அனுப்பும். வந்து உட்கார்ந்ததும் நான் சொல்லும் முதல் விஷயம், "நீங்கள் இங்கே பேசுவது ரகசியமாக இருக்காது, அறிக்கையில் எழுதுவேன்" என்பதுதான். சிகிச்சை தரும் உளவியலாளர் யாரும் இப்படி ஆரம்பிக்க மாட்டார். அவருக்கு எதிரில் இருப்பவரின் நலம் முதல் கவலை. என்னிடம் ஒரு கேள்வி கொடுக்கப்பட்டிருக்கும்: இவருக்கு என்ன ஆகியிருக்கிறது, எதனால் ஆனது, இனி வேலை பார்க்க முடியுமா? பதில் எழுத வேண்டும். எழுதிய ஒவ்வொரு வரிக்கும் கூண்டில் ஏறி நின்று குறுக்கு விசாரணையில் காரணம் சொல்லவும் வேண்டும்.

இந்தக் கேள்வியில் எப்போதும் குழம்பிக் கிடப்பவை மூன்று. மன அழுத்தம், மனக்காயம், பர்ன் அவுட். கேஸ் கட்டில் பார்த்தால் எல்லாமே 'மன உளைச்சல்' என்ற ஒரே தலைப்பில் இருக்கும். பிரித்துப் பார்ப்பது படிப்பாளிகளின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வு வேறு, பொறுப்பேற்க வேண்டிய ஆளும் வேறு.

மன அழுத்தம் நோயே அல்ல. 1936-இல் ஹான்ஸ் செலியே எலிகளை வைத்துச் செய்த சோதனைகளைச் சிறு குறிப்பாக எழுதினார். குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும், எலியின் உடம்பு ஒரே மாதிரிதான் பதில் சொன்னது. அட்ரினல் சுரப்பி பெருத்தது, வயிற்றில் புண் வந்தது. நமக்கும் அதே கதைதான். அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் ஏறும், நெருக்கடி போனதும் இறங்கும். இறங்க இடமே கொடுக்காமல் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனால்தான் ஆபத்து.

மனக்காயத்துக்கு ஒரு நிகழ்வு வேண்டும். மனக்காயத்தால் வரும் பிடிஎஸ்டி என்ற நோய் 1980-இல்தான் அமெரிக்க உளமருத்துவர்களின் கையேட்டில் இடம்பெற்றது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, உயிருக்கு ஆபத்து, பலத்த காயம், பாலியல் வன்முறை ஆகியவற்றில் ஒன்றை அந்த மனிதர் நேர்கொண்டிருக்க வேண்டும். அது கேட்காமலேயே நினைவுக்குத் திரும்பி வர வேண்டும், நினைவூட்டுகிற எதையும் அவர் தவிர்க்க வேண்டும், மனநிலையும் எண்ணங்களும் இருண்டிருக்க வேண்டும், உடம்பு எந்நேரமும் விழிப்பிலேயே இருக்க வேண்டும். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கவும் வேண்டும்.

பர்ன் அவுட் வேலையிலிருந்து மட்டுமே வருவது. நியூயார்க்கில் ஒரு இலவச மருத்துவ நிலையத்தில் ஆர்வத்தோடு வந்து சேர்ந்த தொண்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிப்போவதைக் கண்டு, 1974-இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் இதைப் பற்றி எழுதினார். கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இல் அதற்கு அளவுகோல் செய்தார்கள். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலிலும் அது இருக்கிறது. ஆனால் நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாக. ஆள் களைத்துப் போகிறார், வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோகிறது, என்ன செய்தாலும் பயனில்லை என்று தோன்றுகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பர்ன் அவுட்.

சரி, எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? தூக்கம் எப்படி வருகிறது என்றுதான் முதலில் கேட்பேன். அழுத்தத்தில் இருப்பவர் படுத்துக்கொண்டு நாளைய வேலையை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருப்பார். அந்த வேலை முடிந்த அன்றே அடித்துப்போட்டாற்போல் தூங்குவார். மனக்காயம் பட்டவர் தூங்கவே பயப்படுவார், ஏனென்றால் கனவு வரும். விளக்கை அணைக்க மாட்டார், பூட்டிய கதவை மறுபடியும் போய்ப் பார்ப்பார். பர்ன் அவுட் ஆனவர் இரவு முழுக்கத் தூங்கியிருப்பார், எழும்போது முந்தின நாள் அசதி அப்படியே இருக்கும். இதை மட்டும் வைத்து நான் முடிவு எழுதுவதில்லை. ஒரே ஆளிடம் மூன்றும் இருக்கலாம். ஆனாலும், பாடப்புத்தக அறிகுறிகளை ஒவ்வொன்றாக அடுக்கிக் கேட்பதைவிட இந்த ஒரு கேள்வி எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

அவசர உதவி எண்ணில் அழைப்பை எடுக்கும் ஒரு பெண்ணை மதிப்பிட்டேன் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பல வருட அனுபவம் உள்ளவர். ஒரு நாள், உதவி போய்ச் சேருமுன் அழைத்தவர் இறந்துபோனார், இவர் காதில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே. நிறுவனத்தின் வாதம், "இவர் ஏற்கெனவே சலித்துப் போயிருந்தார், வேலை பிடிக்கவில்லை" என்பது. அவருடைய வழக்கறிஞரோ, எல்லாம் அந்த ஒரு அழைப்பால்தான் என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் பாதிதான். அழைப்புக்கு முன்னாலேயே அவர் விடுப்பு எடுத்துவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அதே களைப்போடு வந்திருக்கிறார். அழைப்பவர்களைப் பற்றிக் கரிசனமில்லாமல் பேசத் தொடங்கியிருந்ததாகச் சக ஊழியர்கள் சொன்னார்கள். அது பர்ன் அவுட். அழைப்புக்குப் பிறகு வந்தது முற்றிலும் வேறு. வீட்டில் கைபேசியை ஒலியின்றி வைத்து, திரை தெரியாதபடி கவிழ்த்துப் போடுகிறார். யாராவது மூச்சு வாங்கப் பேசினால் அறையை விட்டுப் போய்விடுகிறார். "சத்தம் இல்ல மேடம், சத்தம் நின்னதுதான் ஞாபகம் வருது" என்றார். பிடிஎஸ்டி என்று எழுதினேன், பர்ன் அவுட் என்றும் எழுதினேன். ஒன்றுக்குச் சிகிச்சை, மற்றதற்கு வேலை ஒழுங்கு மாற வேண்டும் என்றும் தனித்தனியாக எழுதினேன்.

விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டது, "அந்த அழைப்பைப் பற்றிச் சொல்லும்போது இவர் அழவே இல்லையே?" அடிக்கடி கேட்கிற கேள்வி இது. அது நீதிமன்றங்களில் எவ்வளவு தீங்கு செய்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. மரத்துப்போவது இந்த நோயின் அறிகுறி. நாள்குறிப்பை வாசிப்பது மாதிரி தட்டையான குரலில் சொல்கிறவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டக் கூடாது. நினைவும் அப்படித்தான். பயத்தில் கவனம் சுருங்கி ஒரே புள்ளியில் நிற்கும். ஆயுதத்தைப் பார்த்தவர்களுக்கு அதைப் பிடித்திருந்தவரின் முகம் சரியாக நினைவில் நிற்பதில்லை என்று எலிசபெத் லாஃப்டஸும் சக ஆய்வாளர்களும் 1987-இல் காட்டினார்கள். ஆகவே வரிசை மாறும், இடையில் துண்டு விழும், இரண்டாவது வாக்குமூலத்தில் முதலில் சொல்லாத ஒன்று வரும்.

ஆனால் அடுத்த படியை நான் எடுக்க மாட்டேன். அறிகுறிகள் இருப்பதால் அந்த நிகழ்வு நடந்தது உண்மைதான் என்று ஒருபோதும் எழுத மாட்டேன். காயம் இருப்பதை என்னால் சொல்ல முடியும். யார் செய்தார்கள் என்பதை அது சொல்லாது. அந்த முடிவு நீதிபதியுடையது. இந்த எல்லையைத் தாண்டி எழுதும் நிபுணர்கள் பாதிக்கப்பட்டவருக்குத்தான் கெடுதல் செய்கிறார்கள், ஏனென்றால் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வாக்கியம் உடைந்தால் மொத்த அறிக்கையும் விழுந்துவிடும்.

நடிப்பவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். டாம்பா என்ற உளவியலாளர் 1996-இல் வெளியிட்ட நினைவுத் தேர்வு ஒன்று இருக்கிறது. 50 எளிய கோட்டுப் படங்களைக் காட்டிவிட்டு, பிறகு இரண்டிரண்டு படங்களாக வைத்து எதை முன்பு பார்த்தீர்கள் என்று கேட்பது. பார்க்கக் கடினமாகத் தெரியும், உண்மையில் மிகச் சுலபம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாகிவிடும். அதைவிட மிகக் குறைவாக ஒருவர் எடுத்தால், சரியான பதில் தெரிந்தே தவிர்த்திருக்கிறார் என்று சந்தேகிக்க வேண்டும். தேர்வு இல்லாமலும் சில விஷயங்கள் தெரியும். மிகைப்படுத்துகிறவர் எல்லா அறிகுறியையும் ஒரே வேகத்தில் சொல்வார். உண்மையாகவே காயம்பட்ட பலர் மிக மோசமானதைச் சொல்லாமலே போய்விடுவார்கள். அதைத் தவிர்ப்பதுதானே நோயே.

அப்புறம், கோப்புகளைப் படிப்பவர்களின் கதை. முதலில் நினைவுக்கு வருவது, குழந்தைகளிடம் எடுத்த விசாரணைப் பதிவுகளைக் காதில் மாட்டிக்கொண்டு எழுத்தாக்கும் ஒரு தட்டச்சர். பிள்ளையிடம் கேள்வி கேட்ட அதிகாரிக்குப் பயிற்சி இருந்தது, மேற்பார்வை இருந்தது. இவருக்கு இருந்தது கால் மிதி வைத்த ஒரு கருவியும் இறுதித் தேதியும். ஒரு சொல் தெளிவாகக் கேட்கவில்லை என்றால் மிதியை அழுத்திப் பின்னால் போய் மறுபடி கேட்க வேண்டும். குழந்தை முணுமுணுக்கும் இடம்தான் தெளிவாகக் கேட்காது, வழக்குக்கு மிக முக்கியமான இடமும் அதுதான். மற்ற எல்லோரும் ஒரு முறை கேட்டதை இவர் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். தன் மகளை யாரிடமும் விட முடியவில்லை, உறவினர்களைக்கூட நம்ப முடியவில்லை என்றார். "நான் வெறும் டைப்பிஸ்ட் தானே மேடம், எனக்கு எப்படி இதெல்லாம் வரும்?"

வரும். உலகம் பாதுகாப்பானது, மனிதர்களை நம்பலாம் என்ற அடிப்படையே பிறருடைய கதைகளைக் கேட்டுக் கேட்டு ஆட்டம் காணும் என்று லிசா மெக்கனும் லாரி பெர்ல்மனும் 1990-இல் எழுதினார்கள். மேலே சொன்ன 2013 கையேடும் அதை ஏற்கிறது. கொடுமைகளின் விவரங்களை வேலையின் பகுதியாகத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதும் பிடிஎஸ்டிக்குக் காரணமாகலாம். மனித உடற்பாகங்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர்களும், குழந்தைகள் மீதான கொடுமையின் விவரங்களைக் கையாளும் காவலர்களும் அதில் உதாரணமாகவே வருகிறார்கள். தொலைக்காட்சியிலோ படத்திலோ பார்ப்பதை அந்த விதி கணக்கில் எடுப்பதில்லை, வேலைக்காகப் பார்த்தால் ஒழிய.

எங்கள் மாதிரி வேலையில் பழகிவரும் சில முறைகள் உண்டு. காணொளியை முதலில் ஒலியில்லாமல் பார்ப்பது, ஒலியைத் தனியாகக் கேட்பது. படங்களை முதலில் சிறிதாக, கறுப்பு வெள்ளையில் பார்ப்பது. கேள்விக்குத் தேவையான இடத்தை மட்டும் பெரிதாக்குவது. இருட்டும் வேளையில் திறக்காமல் இருப்பது, அதிலிருந்து நேராகத் தூங்கப் போகாமல் இருப்பது. ஒலியும் படமும் சேரும்போது மனத்தில் ஆழமாக இறங்கும் என்பதால்தான் இவ்வளவும். அந்தத் தட்டச்சருக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை.

மோசமான வழக்கு முடிந்ததும் எல்லோரையும் ஒரு அறையில் உட்காரவைத்து, நடந்ததை ஒருமுறை பேசவைத்து அனுப்பும் வழக்கமும் பல அலுவலகங்களில் உண்டு. ஜெஃப்ரி மிட்செல் 1983-இல் முன்வைத்த முறை அது. நல்ல எண்ணம்தான். ஆனால் 2002-இல், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வு, ஒரே அமர்வில் கட்டாயமாகப் பேசவைப்பது பிடிஎஸ்டியைத் தடுக்கவில்லை என்று சொன்னது. ஒரு ஆய்வில் பேசவைக்கப்பட்டவர்களுக்கு ஆபத்து அதிகமாகவே இருந்தது. பேச விரும்புகிறவர் பேசட்டும், விரும்பாதவரை இழுக்கக் கூடாது. அறிகுறிகள் நீடித்தால் மனக்காயத்துக்கென்றே உள்ள அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் கண்ணசைவைப் பயன்படுத்தும் இஎம்டிஆர் சிகிச்சையும் இருக்கின்றன. இரண்டையும் 2013-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

பர்ன் அவுட்டுக்கு இந்தச் சிகிச்சை எதுவும் உதவாது. மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் காட்டிய ஆறு காரணங்கள் முழுக்க வேலையிடத்தில் இருப்பவை: வேலைச்சுமை, தன் வேலை மீது தனக்கிருக்கும் பிடி, கிடைக்கும் மதிப்பும் ஊதியமும், சக ஊழியர்களின் உறவு, நியாயம், தன் மதிப்பீடுகளுக்கும் நிறுவனத்தின் மதிப்பீடுகளுக்கும் உள்ள பொருத்தம். மூச்சுப் பயிற்சி வகுப்பு ஒன்றை நடத்திவிட்டு, மேசையில் அதே உயரத்துக்குக் கோப்புகளை அடுக்கிவைக்கும் அலுவலகத்தை எந்த வகுப்பும் காப்பாற்றாது. களைத்துப்போன ஊழியரிடம் "மனவலிமையை வளர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது, பொறுப்பை அவர் தலையிலேயே திருப்பி ஏற்றுவது. என் அறிக்கைகளில் இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் மாணவர்கள் சிலர் என்ன படிக்க வேண்டும், எங்கே சேர வேண்டும் என்று எழுதிக் கேட்கிறார்கள். படிப்பைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். வேலைக்கான நேர்காணலில், சம்பளத்தைக் கேட்கும் அதே நேரத்தில் இவற்றையும் கேளுங்கள்: ஒரே வகை வழக்கு தொடர்ந்து ஒரே ஆளிடம் வருமா, மாற்றி மாற்றித் தருவார்களா? மேற்பார்வை செய்பவர் யார், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசுவார்? ஒரு கோப்பை எடுக்க முடியாது என்று சொன்னால் அது பதிவேட்டில் எப்படி எழுதப்படும்? உங்கள் அறிக்கையைத் தட்டச்சு செய்யப்போகிறவருக்கும் இதே ஏற்பாடு உண்டா? கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாமல் விழிப்பார்கள். எழுத்தில் தரச் சொல்லுங்கள்.