படகைத் திருப்ப முடிந்தவனுக்குத்தான் விலை

ஒரே பொருளுக்கு எல்லாச் சந்தையிலும் ஏறக்குறைய ஒரே விலைதான் இருக்கும் என்ற பொருளாதார விதியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நான் எடுப்பது பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் கேரளத்து மத்தி மீனைப் பற்றிச் செய்த ஆய்வைத்தான். 2007-ல் வெளிவந்தது. சூத்திரத்துக்குக் கொட்டாவி விடுகிற வகுப்பு, மீன் என்றதும் நிமிர்ந்து உட்காரும்.

1997 ஜனவரி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வடகரைக் கடற்கரையில் 11 மீனவர்கள் கொண்டுவந்த மத்தியை வாங்க ஆளில்லை. 15 கிலோமீட்டருக்குள் இருந்த பக்கத்துச் சந்தைகளிலோ 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் நிற்கிறார்கள். இவர் நிலைமை அவருக்குத் தெரியாது. காலை ஏலம் சீக்கிரமே முடிந்துவிடும், எரிபொருள் செலவு வேறு. கரை கரையாகப் போய் விசாரிக்கவா முடியும்? மத்தியை மறுநாளைக்கு வைத்திருக்கவும் முடியாது. பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் வீணாய்ப் போனது.

அப்புறம் கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு என்று 1997-க்கும் 2000-க்கும் இடையில் செல்போன் டவர்கள் ஒவ்வொன்றாக வந்தன. சிக்னல் கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் வரை எட்டியது. வலையை இழுத்த கையோடு நாலு கரைக்குப் போன் போட்டு, படகில் இருந்தபடியே பேரத்தை முடித்து, விலை படிந்த இடத்துக்குத் திருப்பினார்கள். வீணாவது நின்றேபோனது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது. வாங்கிச் சாப்பிடுகிறவருக்கும் விலை 4 சதவீதம் குறைந்தது. டவர்கள் எல்லா இடத்துக்கும் ஒன்றாக வராததுதான் ஆய்வாளருக்கு அடித்த யோகம். வந்த கரையையும் வராத கரையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

இதை வைத்துக்கொண்டு, விலைத் தகவலைக் கொடுத்தால் போதும், ஏழை பிழைத்துக்கொள்வான் என்று கிளம்புகிறவர்களோடுதான் எனக்கு ஒத்துப்போவதில்லை. மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் மார்செல் ஃபாஃப்ஷாம்ப்ஸ், பார்ட் மிண்டன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். சந்தை விலையைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் சேவை, ஒரு பகுதி விவசாயிகளுக்கு இலவசம். 2012-ல் வந்த முடிவின்படி, அவர்கள் கைக்கு வந்த விலையில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசமே இல்லை.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. மீனவர் வெறும் விலையை மட்டும் கேட்கவில்லை, வாங்குபவரிடமே பேசி முடித்தார். படகும் அவர் கையில், கடலும் திறந்து கிடந்தது. வெங்காய மூட்டையோடு நிற்பவருக்கு வண்டி வாடகை இருக்கிறது, முன்பணம் கொடுத்த தரகர் இருக்கிறார், அடுத்த ஊர் மண்டியில் தெரிந்த முகம் இல்லை. விவசாயிகளுக்குப் புதிய விலைச் செயலி என்று எந்த அரசாவது அறிவித்தால், சரக்கை ஏற்றிப்போக ஏதாவது ஏற்பாடு செய்திருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.