கம்பவுண்ட் வில்லுக்குக் கட்டுப்படியாகிற அம்பு: இதுவரை செய்து பார்த்தது

கம்பவுண்ட் வில் (இரு முனையிலும் கப்பி வைத்த நவீன வில்) வாங்குகிறவர்கள் வில்லின் விலையோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். வில் ஒருமுறை செலவு. அம்பு அப்படியில்லை, உடையும், தொலையும், பின்னால் வரும் அம்பு முன்னதன் நாக்கை (nock, நாணில் மாட்டும் பின்முனை) பிளக்கும். அதனால் மலிவாக, ஆனால் சரியாக வாங்குவது எப்படி என்பதில்தான் கொஞ்ச நாளாக என் கவனமெல்லாம்.

யூடியூபில் அம்பு பற்றிக் கிடைப்பதில் பெரும்பகுதி அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கானது. இங்கே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வேட்டைக்குத் தடை. நமக்குக் குறிப்பலகைதான். அவர்கள் சொல்லும் அகலமான வெட்டுமுனையை விட்டுவிடலாம். ஸ்பைன் பற்றிச் சொல்வதை மட்டும் விடக்கூடாது.

ஸ்பைன் என்பது அம்பின் விறைப்பு. 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் தண்டை வைத்து, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிடுவார்கள். அரை அங்குலம் (0.500) வளைந்தால் அதன் ஸ்பைன் எண் 500. எண் குறையக் குறைய விறைப்பு கூடும். என் வில்லின் இழுவிசை 40 பவுண்டு, இழுப்பு நீளம் 28 அங்குலம். 100 கிரெயின் (சுமார் 6.5 கிராம்) முனையோடு தயாரிப்பாளர் அட்டவணையில் பார்த்தால் 500 வந்தது. தண்டு நீளமானாலும் முனை கனமானாலும் அம்பு இளகிப்போகும். ஆகவே நீளத்தையும் முனையையும் முடிவு செய்துவிட்டுத்தான் ஸ்பைன் பார்க்க வேண்டும். '60 பவுண்டு வரை எல்லா வில்லுக்கும்' என்று மட்டும் போட்டு, ஸ்பைன் எண்ணே இல்லாமல் விற்கும் மலிவு செட்டுகளை நான் தொடவில்லை. மூங்கில் அம்பு இன்னும் மலிவுதான். அது மூங்கில் வில்லுக்கானது. கம்பவுண்டில் வைத்தால் கையிலேயே சிதறக்கூடும்.

காசை மிச்சம் பிடிக்கலாம் என்றால் நேர்த்தன்மையில், அதாவது தண்டு நேர்கோட்டிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதில் பிடிக்கலாம். 0.001 அங்குலத் தண்டுக்கும் 0.006 தண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம். 20 மீட்டரில் என் கைக்கு அந்த வித்தியாசம் தெரியவே இல்லை. 0.006 கார்பனே எடுத்தேன்.

எடைதான் அடுத்து. பழைய வண்ணாரப்பேட்டையில் தெரிந்த நகைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். "இன்னா தம்பி, அம்பை எல்லாம் தங்கத் தராசுல வெக்கச் சொல்ற?" என்றார் அண்ணன். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம், வீட்டு சமையல் தராசுக்கு அது எட்டாது என்றதும் ஆர்வமாகி, ஒவ்வொன்றாக அவரே வைத்துப் பார்த்தார். 22 கிராமை ஒட்டி நின்றது, அதாவது 340 கிரெயின் போல. பவுண்டுக்கு 5 கிரெயினாவது வேண்டும் என்பது பொதுக்கணக்கு. என் வில்லுக்கு 200 போதும், தாராளமாகவே இருக்கிறது. அதற்கும் கீழே போனால் அம்பில்லாமல் நாணை விட்டதுபோல் வில்லே அடி வாங்கும். ஒரே செட்டுக்குள் கனமானதற்கும் லேசானதற்கும் அரை கிராம் வித்தியாசம் இருந்தது. கனமானவற்றைத் தனியாகப் பிரித்துவிட்டேன்.

ஒவ்வொரு அம்பிலும் மார்க்கரால் எண் போட்டதுதான் இதில் அதிகம் உதவிய வேலை. தண்டையார்பேட்டை மாடியில் எய்கிற பேச்சே இல்லை, நாலு பக்கமும் ஜனம். மைதானத்தில்தான் பார்த்தேன். 4-ஆம் எண் எப்போது விட்டாலும் இடப்பக்கமே போனது. நாக்கைத் திருப்பி அடுத்த இறகு மேலே வரும்படி வைத்ததும் மற்றவற்றோடு சேர்ந்து விழ ஆரம்பித்தது. புது அம்பு வாங்க வேண்டியிருக்கவில்லை.

கார்பனில் ஒரு விஷயத்தை யாரும் அலட்சியம் செய்யாதீர்கள். எய்யும் முன் ஒவ்வொரு முறையும் அம்பை லேசாக வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். 'கிறீச்' என்றாலோ, விரலில் கீறல் தட்டினாலோ அதோடு அதை ஒடித்துப் போடுங்கள். வெடித்த தண்டு நாண் விசையில் பிளந்தால் சிராய் உள்ளங்கைக்குள் ஏறும். எவ்வளவு மலிவாக வாங்கினாலும் அந்த ஒரு அம்பை மிச்சம் பிடிக்கக்கூடாது.

50 மீட்டருக்குப் போகும்போது 0.003 தண்டில் ஒரு செட் எடுத்து, இதே தராசில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன்.