வளைவு யாழ் மூன்று செய்து பார்த்தேன்: 16 நரம்பில் தொடங்கி 9 நரம்பில் நின்ற கதை

பெரியம்மா இடுப்பெலும்பு உடைந்து படுத்த நாலாவது மாதம் தொடங்கிய வேலை இது. ரங்கூன் தாமுவேயில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. கரண்ட் இருக்கும்போது போனில் தேவாரம் போட்டு வைப்போம். கரண்ட் போய், போனில் சார்ஜும் தீர்ந்துவிட்டால் அறை அப்படியே அடங்கிவிடும், அந்த நேரத்தில்தான் வலி ஏறுகிறது என்பார். "ஏதாவது சத்தம் இருந்தா தேவலைய்யா" என்று ஒருநாள் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு நான் இவ்வளவு தூரம் போனது அதிகம்தான் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

எனக்கு மோட்டார் காயில் சுற்றுகிற தொழில். சங்கீதம் கோயில் பஜனையோடு சரி. ஆனால் பர்மாவில் பிறந்தவனுக்கு சவுங் என்கிற பர்மிய யாழ் தெரியாமல் இருக்குமா? படகு மாதிரி உடல், அதிலிருந்து வில்லாக வளைந்து எழும் கழுத்து, கழுத்து முழுக்கச் சிவப்புக் குஞ்சம், 16 நரம்பு. டிவியில் பார்த்திருக்கிறோம், கல்யாணங்களில் கேட்டிருக்கிறோம். பியே பக்கத்தில் ஸ்ரீ க்ஷேத்திரத்தில் கிடைத்த, பர்மாவின் பழைய பியூ மக்கள் காலத்துக் கல் ஒன்றிலேயே இந்த வளைவு யாழ் செதுக்கியிருக்கிறது. 802இல் சீனத் தலைநகருக்குப் போன பியூ இசைக்காரர்கள் கையில் பறவைத் தலை வைத்த யாழ் இருந்ததாகச் சீனர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் யாழ் பாட்டில் மட்டும் மிச்சம். இங்கே அது இன்னும் உயிரோடு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கிறது.

சரி, செய்து பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதல் யாழ் முழுக்க முழுக்க மோட்டார்க்காரன் புத்தியில் செய்தது. நிஜ சவுங் போலவே 80 செ.மீ. நீளத்துக்கு ப்ளைவுட் உடல், கழுத்துக்கு வளைத்த இரும்புக் குழாய், தெயிஞ்ஜி சந்தையில் வாங்கிய மீன்பிடி நைலான். ஒரு நரம்பு 4 கிலோ இழுக்கும் என்று வைத்தால் 16 நரம்புக்கு 64 கிலோ, பர்மிய வீசைக் கணக்கில் (ஒரு வீசை சுமார் 1.6 கிலோ) 40 வீசைக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஆள் அந்தக் கழுத்தைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி. இதை நான் நரம்பு கட்டுவதற்கு முன்னால் கணக்குப் போட்டிருக்க வேண்டும், 13வது நரம்பை ஏற்றும்போது மேல்பலகை டப்பென்று பிளந்த பிறகுதான் போட்டேன். சம்பந்தர் பாட்டு யாழில் அடங்கவில்லை என்று திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே உடைக்கப் போனார் என்று யாழ்முரிக் கதை சொல்வார்களே, அவருக்காவது உடைக்கும் வேலை இருந்தது. என்னுடையது தானே உடைந்தது.

உள்ளே ஒரு சட்டம் வைத்து ஒட்டி, மறுபடி கட்டி, பெரியம்மாவிடம் கொண்டுபோனேன். கண்ணை மூடிக்கொண்டார். ரசிக்கிறார் என்று நினைத்து நானும் விடாமல் வாசித்தேன். கடைசியில் "போதும்யா, பல்லு கூசுது" என்றார். இரும்புக் கழுத்து கணீர் கணீரென்று நீண்டு ஒலித்தது, ஒரு சுரம் ஓய்வதற்குள் அடுத்தது மேலே ஏறி உட்கார்ந்தது. அதே வாரம் டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்திருந்த ஒரு மாமாவிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டு போனேன். அவர் இரண்டே வார்த்தை: "நிறுத்துடா டேய்." தப்பு என்னுடையது, வீட்டுக்குள் போகும் முன் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் தெருவில் கத்தோலிக்க அக்கா ஒருவர் இருக்கிறார், நீரிழிவில் கால் புண்ணாகி நடக்க முடியாதவர். இந்தக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "சவுல் ராஜாவுக்கு மனசு கெட்டுப்போன நேரமெல்லாம் தாவீது சுரமண்டலம் வாசிச்சான், தெரியும்ல? அதே சவுல்தான் அப்புறம் அவன் வாசிச்சிட்டு இருக்கும்போதே ஈட்டியை எறிஞ்சான். உனக்கு ஈட்டி வரலையேன்னு சந்தோஷப்படு தம்பி." அதோடு "எனக்கு எப்ப வாசிப்பே?" என்றும் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இரண்டாவது யாழ்.

இந்த முறை தெரிந்தவரிடம் போனேன். சவுங் பழுது பார்க்கும் வயதான பர்மியர் ஒருவர், சயா (வாத்தியார்) என்று கூப்பிடுவேன். என் இரும்புக் கழுத்தைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, மரியாதையாக ஓரமாக வைத்துவிட்டார். கழுத்துக்கு இயற்கையாகவே வளைந்த மரம் வேண்டும், வளைத்த மரம் திரும்ப நிமிரப் பார்க்கும் என்றார். பழைய ஆட்கள் கருங்காலி வகை மரத்தின் வேரைத் தேடி எடுப்பார்களாம், உடலுக்கு படாக் என்கிற வேங்கை இன மரம். எனக்கு அந்த வேர் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டில் வெட்டிய கொய்யாக் கிளையில் சரியான வளைவு ஒன்று இருந்தது. கவட்டைவில்லுக்குக் கொய்யாவைத் தேடும் பையன்களுக்குத் தெரியும் அது எவ்வளவு அழுத்தமான மரம் என்று. மூன்று மாதம் அடுப்படி மேலே தொங்கவிட்டுக் காய வைத்தேன்.

சயா காட்டியதில் என்னை உலுக்கியது சுருதி சேர்க்கும் விதம். சவுங்கில் முறுக்காணி கிடையாது (இப்போது கிடார் சாவி வைத்தும் செய்கிறார்கள், அது வேறு). ஒவ்வொரு நரம்பின் மேல் நுனியும் ஒரு பருத்திக் கயிற்றில் முடிந்திருக்கும், அந்தக் கயிறு கழுத்தைச் சுற்றி இறுகக் கட்டியிருக்கும், கயிற்றை நகர்த்தியும் திருகியும் சுருதி சேர்க்க வேண்டும். இதைப் பார்த்ததும் எனக்குத் திவவு, அதாவது பழைய யாழின் கழுத்தில் நரம்பை இறுக்கும் கட்டு, நினைவு வந்தது. 1960களில் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு இங்கே எங்களுக்குத் தமிழ் என்றால் கோயில் வகுப்புத்தான். அந்த வகுப்பில் பொருநராற்றுப்படை சொல்லிக்கொடுத்த ஐயா, யாழின் திவவு கறுத்த பெண்ணின் முன்கையில் அடுக்கிய வளையல் போல இருக்கும் என்று ஒரு வரியை விளக்கினார். வளையலுக்கும் யாழுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்குப் புரியவில்லை. சயாவின் மடியில் இருந்த கழுத்தைப் பார்த்தால் அப்படியே கை, அப்படியே வளையல்.

காயில் சுற்றுகிறவனுக்கு இந்தக் கயிறு கட்டும் வேலை மட்டும் ஒரே நாளில் வந்துவிட்டது. மற்றதெல்லாம் படுத்தியது.

சவுங்குக்கு மான் தோல் வழக்கம். நான் ஆட்டுத்தோல் வாங்கிச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, ரோமம் சுரண்டி, ஈரமாகவே இழுத்து ஆணி அடித்தேன். வாடையைப் பற்றி எழுதவில்லை, வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை. வெயிலில் காய்ந்ததும் முரசு மாதிரி விறைத்தது, சந்தோஷம். ஆனி மாதம் மழை பிடித்ததும் அப்பளம் நமுத்த மாதிரி ஆகிவிட்டது. காலையில் சேர்த்த சுருதி மத்தியானம் அரைச் சுரம் இறங்கியிருக்கும். சயாவிடம் கேட்டால் அதற்குத்தானே அரக்கு என்றார். பாகானில் கிண்ணங்களுக்குப் பூசுகிறார்களே, அந்தத் தித்சி மரப்பால். நான் அதைப் பூசிவிட்டு விளக்கடியில் சூடு காட்டிக் காய வைக்கப் பார்த்தேன். தித்சிக்குக் காய்வதற்கு வேண்டியது ஈரக்காற்று, அதனால்தான் பாகானில் நிலவறையில் வைத்துக் காய வைக்கிறார்கள். மழைக்காலம் அதற்கு நல்ல காலம். அது புரிவதற்குள் என் இரண்டு கையும் முழங்கை வரை தடித்து, கொப்புளம் வந்து, பத்து நாள் கடையைத் திறக்க முடியவில்லை. அந்தப் பால் உடம்பில் பட்டால் பலருக்கு இப்படி ஆகும், கையுறை கட்டாயம். யாராவது செய்யப்போனால் இந்த ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது யாழ் நன்றாகவே பேசியது. ஆனால் 14 நரம்பு, மூன்று கிலோவுக்கு மேல் எடை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மடியில் வைத்தால் கழுத்து கொசுவலையில் மாட்டியது. சுருதி சேர்க்கவே அரைமணி ஆகும், அதற்குள் படுத்திருப்பவர் தூங்கிவிடுவார். (தூங்கினால் நல்லதுதானே என்றாள் மனைவி. யோசித்தால் அதுவும் சரிதான்.)

அப்போதுதான் எத்தனை நரம்பு உண்மையில் வேண்டும் என்று எண்ணிப் பார்த்தேன். பெரியம்மா கேட்பது இரண்டே பதிகம். அப்பர் சூலை நோயில் துடித்தபோது திருவதிகையில் பாடிய 'கூற்றாயினவாறு' ஒன்று, பாண்டியனின் சுரத்துக்குச் சம்பந்தர் பாடிய 'மந்திரமாவது நீறு' இன்னொன்று. முதலாவது கொல்லிப் பண், இரண்டாவது காந்தாரம். இரண்டையுமே ஓதுவார்கள் நவரோசு ராகத்தில் பாடுகிறார்கள். நவரோசு கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி நடுப் பஞ்சமம் வரைதான் ஏறும், ப த நி ச ரி க ம ப. எட்டே சுரம்! மேலே ஒரு தைவதத்தைத் துணைக்கு வைத்தால் ஒன்பது. நோயாளிக்கென்றே பாடிய பாட்டு இவ்வளவு சின்ன இடத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது, நான் 16 நரம்பைக் கட்டி மாரடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது யாழ் இப்படி: பலாக்கட்டையைக் குடைந்த 45 செ.மீ. உடல், அதே கொய்யாவின் இன்னொரு கிளை, தித்சி பூசிய ஆட்டுத்தோல், 9 நரம்பு. நீள நரம்பு 46 செ.மீ., குட்டை நரம்பு 22. கீழே 1 மி.மீ. நைலான், மேலே 0.7. ஒவ்வொன்றும் 2 கிலோவுக்குக் குறைவாகத்தான் இழுக்கிறது, அதனால் தொய்வாக, பஞ்சு மாதிரி ஒலி. கச்சேரிக்கு ஆகாது, அடுத்த அறையில் கேட்காது. கட்டில் பக்கத்தில் அதுதான் வேண்டியிருக்கிறது. மொத்த எடை ஒரு வீசைக்கும் குறைவு. வலது கை வெளிப்பக்கம் மீட்டும், இடது கட்டைவிரல் நகத்தால் உள்ளிருந்து நரம்பை நெருக்கினால் சுரம் கொஞ்சம் ஏறும். அந்தப் பர்மிய உத்தியால்தான் கமகம் மாதிரி ஏதோ ஒன்று வருகிறது, ஓதுவார் கேட்டால் முகம் சுளிப்பார்.

சுருதியும் இறங்கியது. ஐந்து கட்டையில் ஆரம்பித்தேன். பெரியம்மா கூடவே முணுமுணுக்கப் பார்த்து மூச்சு வாங்கியதும் நாலு, பிறகு மூன்று. தாளத்தை விட்டுவிட்டேன், இப்போது அவர் மூச்சைப் பார்த்துத்தான் வாசிக்கிறேன். சும்மா இருக்கும் ஆளுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்பார்கள், வலி இருந்தால் கூடும். இரண்டு மூச்சுக்கு ஒரு சீர், அவ்வளவுதான். சயா எனக்குச் சொன்ன ஒரே சங்கீதப் பாடம் "ப்யே ப்யே", மெள்ள மெள்ள. பாட்டால் வலி போனது என்றெல்லாம் சொல்ல வரவில்லை. வலிக்கு மாத்திரை இருக்கிறது. மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் வரைக்குமான அந்த அரைமணி நேரத்துக்கு இது.

புறநானூற்றில் 281வது பாட்டை இப்போது வேறு மாதிரி படிக்கிறேன். போரில் புண்பட்டு வந்தவனை வீட்டில் கிடத்தி, வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, 'வாங்கு மருப்பு யாழ்' முதலான கருவிகள் ஒலிக்கக் காஞ்சிப் பண் பாடிக் காப்போம் வா தோழி என்கிறாள் ஒருத்தி. வாங்கு மருப்பு என்றால் வளைந்த கொம்பு, என் வீட்டுக் கொய்யாக்கிளை மாதிரி. அரிசில் கிழார் பாடியது. ஆக நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, பெண்கள் செய்துகொண்டிருந்த வேலையைத் தட்டுத்தடுமாறிச் செய்கிறேன்.

அக்காவுக்கும் வாசித்தேன். அவர் கேட்டது ஆரோக்கிய மாதா பாட்டு ஒன்று. அது ஒன்பது நரம்புக்குள் நிற்காமல் மேலே ஏறியது, நான் அந்த இடத்தில் ஒரு ஸ்தாயி இறங்கிச் சமாளித்தேன். "மாதா மேலே இருக்காங்க, நீ ஏன்டா கீழே போறே?" என்றார். அவரைப் பார்க்க வந்திருந்த பர்மியப் பாட்டி, கருவி எங்களுடையது, பாட்டுதான் வழி தவறி வந்துவிட்டது என்றாள். மூன்று பேரும் சிரித்தோம், அன்றைக்கு அதற்குமேல் வாசிக்கவில்லை. ஒரு ஆஸ்பத்திரி வார்டிலும் கேட்டுப் பார்த்தேன், பார்வையாளர் நேரத்தில் இன்னொரு சத்தம் வேண்டாம் என்றார்கள். நியாயம்தான், அங்கே ஏற்கெனவே பத்துப் போன் பாடிக்கொண்டிருந்தது.

அடுத்த வேலை: 'அவ்வினைக்கு இவ்வினை' பதிகம். அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியபோது சம்பந்தர் திருச்செங்கோட்டில் பாடியது, பண் வியாழக்குறிஞ்சி, பாடுவது சௌராட்டிரத்தில். அதற்கு ரிஷபத்தை அரைச் சுரம் இறக்க வேண்டும். இருட்டில், படுத்திருப்பவரை எழுப்பாமல், ஒரு கயிற்றை மட்டும் நகர்த்தி இறக்க முடியுமா என்று பழகிக்கொண்டிருக்கிறேன். பத்துக்கு ஆறு தடவை வருகிறது.

யாழ் இப்போது பெரியம்மா கட்டில் தலைமாட்டில் ஆணியில் தொங்குகிறது. ராத்திரி கரண்ட் போனால் கையை நீட்டிக் கீழ்ப் பஞ்சமத்தை அவரே தட்டிக்கொள்கிறாராம், அந்த நரம்பு மட்டும் வாரத்துக்கு ஒருமுறை தளர்ந்துபோகிறது. அக்கா தனக்கு ஒன்று தனியாக வேண்டும், பத்து நரம்போடு என்கிறார். கிளை அடுப்படியில் காய்ந்துகொண்டிருக்கிறது.