நீங்கள் எந்தக் கோவில்?

காரைக்குடியில் குடியிருப்பவனுக்குச் சம்பளமில்லாத உத்தியோகம் ஒன்று தானாக வந்து சேரும்: சொந்தக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது. ஐப்பசி மழை ஓய்ந்ததும் தொடங்கினால் பங்குனி வெயில் துரத்தும் வரை ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். பெரும்பாலோருக்குச் செட்டிநாடு என்றால் கோழிக்குழம்புதான். இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டு, ஒரு கண்டாங்கிச் சேலையும் ஒரு பொட்டலம் தேன்குழலும் வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுவார்கள். அவர்கள் புண்ணியவான்கள்.

கோயம்புத்தூர்ச் சித்தப்பா அந்த வகை இல்லை. மரக்கடை ஒன்றில் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஒரு பலகையைக்கூட அறுத்ததில்லை. ஆனாலும் எந்த மரத்தைக் கண்டாலும் நடுவிரலை மடக்கி மூன்று முறை தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, தீர்ப்பு வழங்கிவிடுவார். அவர் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

சித்தியின் பார்வை வேறு. எத்தனை பெரிய கலைச்செல்வத்தைக் காட்டினாலும், "இதையெல்லாம் யார் கூட்டிப் பெருக்குவது?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பல சமயம் கடைசிக் கேள்வியும் அதுவே.

வந்த அன்று மாலையே முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு அழைத்துப் போனேன். இடித்த வீடுகளிலிருந்து வந்த பழம்பொருள்கள் விற்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. எனாமல் தூக்குகள், பீங்கான் ஜாடிகள், பித்தளைப் பூட்டுகள், சுவரில் சாய்த்து வைத்த நிலைக்கதவுகள். ஒரு கடையில் முழுத் தூண்களையே படுக்க வைத்திருந்தார்கள். சித்தப்பா குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கினார். கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு விலை சொன்னார், அப்புறம் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் பிள்ளையார்பட்டி. முற்காலப் பாண்டியர் காலத்துக் குடைவரை. மலைப்பாறையிலேயே செதுக்கிய பிள்ளையார், இரண்டே கைகளோடு, துதிக்கையை வலப்புறம் சுழித்துக்கொண்டு வடக்கு நோக்கி உட்கார்ந்திருக்கிறார். பாறை என்பதால் சித்தப்பாவுக்கு வேலையில்லை, பக்தியோடு நின்றார். அங்கிருந்து காரில் சில நிமிஷம்தான் வைரவன்பட்டி. இராமர் அனுமனைக் கைகூப்பி வணங்கும் சிற்பம் அங்கே உண்டு. சீதையைக் கண்டு வந்து சொன்னவனுக்கு நன்றி. தலைவன் தொண்டனைக் கும்பிடும் காட்சியை வேறெங்கே பார்ப்பது என்று நான் உருகிக்கொண்டிருந்தபோது, "இந்தப் பிரகாரத்தைக் காலையில் எத்தனை பேர் பெருக்குவார்கள்?" என்று சித்தி கேட்டார்.

ஆத்தங்குடியில் அவர் முகம் முதல் முறையாக மலர்ந்தது. தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறையில் கண்ணாடிப் பலகையின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை அச்சின் அறைகளுக்குள் ஊற்றி, அச்சைத் தூக்கியதும் பூ அப்படியே நிற்கிறது. அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, பிறகு ஈரக் கலவையை அப்பி மட்டம் செய்கிறார்கள். தண்ணீர்த் தொட்டியில் ஊறிய பின் வெயிலில் காய்கிறது. சூளை கிடையாது, சுடுவது கிடையாது. கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லின் வழவழப்பு. துடைக்கத் துடைக்கப் பளபளப்பு கூடும் என்று பட்டறைக்காரர் சொன்னதும், தன் ஐயத்துக்கு ஒருவராவது மதிப்புக் கொடுத்தாரே என்று சித்தி நெகிழ்ந்துவிட்டார்.

அந்த ஊரிலேயே ஒரு பெரிய வீட்டை டிக்கெட் வாங்கிப் பார்த்தோம். பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து சம்பாதித்த பணம் இப்படித்தான் வீடாக வந்து நின்றது. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததோடு பலருக்கு வரவு நின்றது, வீடுகள் மட்டும் நின்றன. இதையெல்லாம் நான் உருக்கமாகச் சொல்லிக்கொண்டு போனேன். சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்லி, சுண்ணாம்போடு கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து பூசியது என்றேன்.

சித்தி நின்றுவிட்டார்.

"வெள்ளைக்கரு சுவருக்குப் போயிற்று. மஞ்சள் கரு?"

எனக்குத் தெரியவில்லை. இந்தக் கட்டடக்கலை பற்றி நான் படித்த எதிலும் மஞ்சள் கருவைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாக நினைவில்லை.

"இத்தனை பெரிய வீட்டுக்கு எத்தனை ஆயிரம் முட்டை! அத்தனை மஞ்சள் கருவும் எங்கே போயிருக்கும்?"

கானாடுகாத்தான் போகும் வரை காரில் இதே பேச்சு. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனையை வெளியில் நின்று பார்த்தோம். உள்ளே போக எங்களுக்கு வாய்க்கவில்லை. சித்தப்பாவின் விரல் துடித்துக்கொண்டிருந்தது. அடுத்த தெருவில் ஒரு வீடு அகலத் திறந்து கிடந்தது. வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம், முகப்பின் உச்சியில் கஜலட்சுமி, பக்கத்துக்கு ஒருவராகத் துப்பாக்கி ஏந்திய சுதைச் சிப்பாய்கள்.

"இதுவும் டிக்கெட் வீடுதான். அலங்காரத்தைப் பார்" என்று சித்தப்பா இறங்கிவிட்டார். சித்தியும் கூடவே போனார். நான் காருக்கு நிழல் தேடிப் போனேன். அடுத்து நடந்ததில் பாதியைச் சித்தி சொல்லித்தான் அறிந்தேன்.

திண்ணையில் ஒரு மேஜை. அதன் மேல் சந்தனக் கிண்ணம், கற்கண்டு, நீளமான நோட்டு. பின்னால் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர்.

"வாருங்கள், வாருங்கள். எந்த ஊர்?"

"கோயம்புத்தூர். ஆளுக்கு எவ்வளவுங்க?"

"பணமா? இங்கே அதெல்லாம் வாங்குவதில்லை." நோட்டில் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டார். "நீங்கள் எந்தக் கோவில்?"

இந்தக் கேள்வியின் கனம் செட்டிநாட்டில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். நகரத்தாருக்கு, அதாவது இந்த ஊர்ச் செட்டியார்களுக்கு, இளையாத்தங்குடி தொடங்கி வேலங்குடி வரை ஒன்பது கோவில்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோவிலைச் சேர்ந்தது. எந்தக் கோவில் என்று தெரிந்தால்தான் எதிரில் நிற்பவர் பங்காளியா, சம்பந்தம் பேசக்கூடியவரா என்று தெரியும். சித்தப்பாவுக்கு இது தெரியாது. காலையிலிருந்து சுற்றிய களைப்பில், உள்ளே நாயனச் சத்தம் வேறு கேட்டுக்கொண்டிருக்க, உள்ளதை உள்ளபடி சொன்னார்:

"பிள்ளையார்பட்டி."

"அட! நம்ம பங்காளி!" பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அப்புறம் வைரவன்பட்டி" என்றார் சித்தப்பா, கணக்கு எழுதியவருக்கே உரிய நேர்மையோடு.

பெரியவர் புருவம் சுருங்கியது. ஒருவருக்கு இரண்டு கோவில் இருக்க வழியில்லை. ஒரே ஒரு வழிதான் உண்டு. "பிறந்தது பிள்ளையார்பட்டி, சுவீகாரம் போனது வைரவன்பட்டியா?"

நாயனத்தில் சித்தப்பாவுக்குப் 'போனது' மட்டும் கேட்டது. "ஆமாம், அங்கிருந்து நேரே போனதுதான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை."

பிறந்து பத்து நிமிஷத்தில் சுவீகாரம் போன குழந்தையைப் பெரியவர் இரக்கத்தோடு பார்த்து, அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், ஜமக்காளத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே அறுபது முடிந்த தம்பதி மாலையோடு வீற்றிருக்க, வரிசையாக எல்லாரும் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "தத்ரூபமாக நடித்துக் காட்டுகிறார்கள், ஆச்சிக்கு வைரத்தோடுகூடப் போட்டிருக்கிறார்கள், அதுவும் இலவசம்" என்று சித்தப்பா என் காதில் சொன்னார். எனக்குக் காபி இறங்கவில்லை. பெரியவரைத் தனியாக அழைத்து உண்மையைச் சொன்னேன்.

அவர் சிரித்த சிரிப்பில் முற்றத்துப் புறாக்கள் பறந்தன. பிறகு கண்டிப்பாகச் சொன்னார்: "தம்பி, நோட்டில் எழுதியாயிற்று. இனி அடித்தல் திருத்தல் கூடாது. இலை போடுகிறார்கள், உட்காருங்கள்."

அந்தச் சாப்பாட்டைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். வெண்டைக்காய் மண்டி ஒன்றுக்கே ஒரு பத்தி தேவைப்படும். கந்தரப்பமும் கவுனி அரிசியும் வந்தபோது சித்தி, பரிமாறிய ஆச்சியிடம் மஞ்சள் கரு விஷயத்தைக் கேட்டேவிட்டார். ஆச்சி கரண்டியை நிறுத்தவே இல்லை. "கொத்தனார்கள் சாப்பிட்டார்கள். சாப்பிட்டுத் தூங்கினார்கள். அதனால்தான் வீடு கட்டி முடிய இத்தனை வருஷம் ஆயிற்று என்று எங்கள் ஐயா சொல்வார்." சித்திக்கு அன்றைய பயணம் அங்கேயே நிறைவடைந்துவிட்டது.

கை கழுவும் இடத்தில் சித்தப்பா தன் வித்தையைப் பற்றிப் பெரியவரிடம் வாய்விட்டார். போதாதா? இப்படிப்பட்ட வீடுகள் ஒருவருக்குச் சொந்தமானவை அல்ல. மகன், பேரன் என்று பிரிந்த எல்லாப் புள்ளிகளுக்கும், அதாவது ஒவ்வொரு தனிக் குடும்பத்துக்கும், பங்கு உண்டு. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடந்து, இப்படி ஒரு விசேஷத்துக்குத்தான் எல்லாரும் கூடுவார்கள். கூடியிருக்கும்போதே தூண்களைப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. சித்தப்பா முன்னே தட்டிக்கொண்டு போக, சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த பங்காளிகள் பின்னே போனார்கள். முகப்புத் தூண்கள், தேக்கு. வளவுத் தூண்கள், தேக்கு. இரண்டாம் கட்டு, தேக்கு. ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரு பெருமூச்சு எழுந்தது.

மூன்றாம் கட்டில், சமையல்கட்டுப் பக்கம், கடைசித் தூணில் சித்தப்பா தட்டினார். மறுபடி தட்டினார். காதை ஒட்டி வைத்தார்.

"இது தேக்கு இல்லை. ஏதோ காட்டுமரம். தேக்குப்போல வர்ணம் பூசி நிறுத்தியிருக்கிறார்கள்."

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சிங்கப்பூர்க்காரர் மெதுவாகக் கேட்டார்: "அப்படியானால் அசல் தூண் எங்கே?"

எல்லாக் கண்களும் ஒரே ஒருவர் பக்கம் திரும்பின. "ஏன் என்னைப் பார்க்கிறீர்கள்? சாவி என்னிடம் மட்டுமா இருந்தது?" என்று அவர் சத்தமாகத் தொடங்கினார். முந்தின நாள் மாலை முனீஸ்வரன் கோவில் தெருவில் படுத்துக் கிடந்த தூண்கள் சித்தப்பாவுக்கு நினைவு வருவதை நான் அவர் முகத்தில் பார்த்தேன். வாய் திறப்பதற்குள் கையைப் பிடித்துக் கொல்லைக் கதவு வழியாக இழுத்துக்கொண்டு வெளியேறினேன். அங்கே ஒரு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். கார் முதல் தெருவில் நின்றது. தாம்பூலப் பையும் கையுமாக வெயிலில் சுற்றி நடந்தோம்.

அடுத்த வாரம் சித்தப்பாவுக்குப் போன் வந்ததாம், நோட்டிலிருந்து நம்பர் எடுத்து. தூண் விஷயம் பஞ்சாயத்துக்குப் போயிருக்கிறது, வந்து எல்லார் முன்னாலும் இன்னொருமுறை தட்டிச் சொல்ல வேண்டுமாம். எதிர்த்தரப்பும் தட்டுவதற்கென்று தேவகோட்டையிலிருந்து ஓர் ஆளை அழைத்து வருகிறதாம். சித்தப்பா பஸ் டிக்கெட் எடுத்துவிட்டார். இந்த முறை கையோடு ஒரு சிறிய மரச் சுத்தியலும் வருகிறது.